அச்சில் பிழையா, படத்தில் பிழையா?

புகைப்படத்தைப் பற்றி வானொலியில் பேசுவது சற்று வேடிக்கையான காரியந்தான். கண்ணுக்குரிய விருந்தைக் காதுக்குப் பரிமாற வேண்டியிருக்கிறது. ஆயினும் நான் அஞ்சவில்லை. படம் வரையும் திறமை சிறிதும் இல்லாமலே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்று இதயத்தின் நான்கு அறைகளை விளக்கிய அறிவியல் ஆசிரியன் நான். என் சித்திரங்களைப் பார்த்தும் மாணவர்கள் தேர்வில் வெற்றி பெற்றார்கள் என்றால், சித்திரமே இல்லாமல் நான் சொல்வதும் உங்களுக்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

இன்று நான் பேச வந்தது, வீட்டில் நாமே அச்சிடும் புகைப்படங்களில் நேரும் குறைகளைப் பற்றி. 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பாடத்தாள்களை அச்சிட்டுக் கொள்வதற்காகவே பல வீடுகளுக்கு அச்சுப்பொறி வந்து சேர்ந்தது. மயிலாப்பூரில் உள்ள என் வீட்டிற்கும் அவ்வாறே வந்தது. எழுத்தை அது செவ்வனே அச்சிடும். புகைப்படத்தைக் கொடுத்தால்தான் அதன் குணம் வெளிப்படும். படத்தின் குறுக்கே கோடுகள் விழும், முகம் சிவந்துவிடும், மை கையில் ஒட்டும், தெளிவாக இருந்த உருவம் மங்கிப் போகும். உடனே நாம் பொறியைக் குறை கூறுகிறோம். கடைக்காரரைக் குறை கூறுகிறோம். மையைக் கொட்டிப் புது மை ஊற்றுகிறோம். நோயாளி ஒருவர், வைத்தியர் வீட்டுக்கு எதிரேயுள்ள மருந்துக் கடையில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரே நாளில் உண்பதற்கு ஒப்பானது இது.

எனக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தது ஒரே ஒரு படம். அதன் வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காள் கோட்டூர்புரத்தில், அடையாற்றுக்கு அருகே குடியிருந்தார். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு பெருமழையும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வந்த நீரும் சேர, அடையாறு கரை புரண்டு ஊருக்குள் நுழைந்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அக்காளின் வீட்டுக் கீழ்த்தளம் நீரில் மூழ்கியது. மேசை நாற்காலிகளைக் காய வைத்து எடுத்துக்கொண்டோம். புகைப்படத் தொகுப்போ, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டது. பிரித்தபோது உருவங்கள் தாளை விட்டு உரிந்து வந்தன. அவற்றுள் ஒன்று, 1974இல் மயிலாப்பூரில் ஒரு படநிலையத்தில் எடுத்த எங்கள் அன்னையாரின் கறுப்பு வெள்ளைப் படம். அவர் தனியாக எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான். ஐந்து ஆண்டுகளில் அவர் மறைந்தார்.

இழந்தது இழந்ததுதான் என்று இருந்தோம். பல ஆண்டுகள் கழித்து, அக்காள் மகன் அந்தப் பக்கத்தை வெள்ளத்துக்கு முன்பே தன் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தது தெரிய வந்தது. அவன் அதை எனக்கு அனுப்பினான். அக்காளுக்கு எழுபத்தைந்து வயது நிறையும் நாளில் அதைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதி பூண்டேன். கடையில் கொடுத்திருக்கலாம். ஆனால் தன் கையால் செய்ய வேண்டிய சில காரியங்கள் மனிதனுக்கு உண்டு.

முதல் படம் வெளியே வந்தது. குறுக்கே மயிரிழை போன்ற கோடுகள். கறுப்பு வெள்ளையாக இருக்க வேண்டியது செம்மண் நிறத்தில் இருந்தது. முகம் மங்கல். விரல் பட்ட இடத்தில் மை இழுத்துக்கொண்டு வந்தது. ஒரே தாளில் நான்கு குறைகள்!

சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் நான் பயிற்சி பெற்றபோது, சோதனை செய்து காட்டும் முறையைப் பற்றி ஒன்றை வற்புறுத்திச் சொல்வார்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவை அப்படியே இருக்கட்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், விளைவு எதனால் வந்தது என்று தெரியாது. பள்ளியில் சேர்ந்த பின் இதை வேறோர் இடத்திலும் கண்டேன். அங்கே மாணவர் புகைப்படக் கழகம் ஒன்று இருந்தது. இருட்டறையில் சிவப்பு விளக்கின் அடியில் படம் கழுவுவோம். உருவை வெளிக்கொணரும் கரைசல் ஏறத்தாழ 20 டிகிரி வெப்பத்தில் இருப்பது நல்லது. சென்னையில் சித்திரை மாதத்துக் குழாய் நீரோ 30 டிகிரியைத் தாண்டும். ஆகவே கரைசல் தட்டைப் பெரிய தட்டொன்றில் வைத்து, சுற்றிலும் ஐஸ் கட்டிகளைப் போடுவோம். தாள் உதகமண்டலத்திலிருந்து வரும். 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை 1967 முதல் அங்கே உற்பத்தி நடத்தி, ‘இந்து’ என்ற பெயரில் படச்சுருளும் தாளும் அனுப்பி வந்தது. அந்தத் தொழிற்சாலை இப்போது மூடப்பட்டுவிட்டது. அன்று ஒரு தாளை வீணாக்குவதற்கு மனம் வராது. எனவே, தாளில் ஒரு நறுக்கை வெட்டி, அதை அட்டையால் மறைத்து, ஐந்து ஐந்து விநாடியாக அட்டையை நகர்த்தி ஒளி காட்டுவோம். ஒரே நறுக்கில் வெளிறியது முதல் கறுத்தது வரை ஐந்தாறு படிகள் கிடைக்கும். சரியான படியைத் தேர்ந்துகொண்டு முழுத்தாளை அச்சிடுவோம். பொறி மாறிவிட்டது, அந்த முறை மாறவில்லை.

இப்போது, இன்றைய பொறி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். வீடுகளில் படம் அச்சிடுவது பெரும்பாலும் மை தெளிக்கும் வகை. அதன் தலைப்பகுதியில் கண்ணுக்குப் புலப்படாத நூற்றுக்கணக்கான துளைகள் உண்டு. தலை இடமும் வலமுமாக ஓட, தாள் சிறிது சிறிதாக நகர, துளைகள் மைத்துளிகளை உமிழ்கின்றன. துளி ஒன்றின் அளவு சில பிகோ லிட்டர். ஒரு லிட்டரை இலட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பிகோ லிட்டர். மை நான்கு நிறம்: நீலப்பச்சையாகிய சயான், கருஞ்சிவப்பாகிய மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. இந்த நான்கின் புள்ளிகளே அருகருகே விழுந்து, நம் கண்ணில் கலந்து, மாம்பழமாகவும் மயில் கழுத்தாகவும் தோன்றுகின்றன.

இதிலிருந்து குற்றவாளி யார் என்பதைத் தேடும் வழி பிறக்கிறது. குறை நான்கு இடங்களில் ஒன்றில்தான் தோன்ற முடியும். மை உமிழும் துளை. மையை வாங்கும் தாள். பொறிக்கு நாம் இடும் கட்டளை. அச்சிடக் கொடுத்த மூலப்படம். இதயத்துக்கு நான்கு அறைகள் போல, இதற்கும் நான்கு அறைகள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

முதல் அறை, துளைகள். படத்தின் குறுக்கே சீரான இடைவெளியில் கோடுகள் விழுந்தால், சில துளைகள் அடைபட்டுள்ளன என்று பெரும்பாலும் துணியலாம். ஊகிக்கவும் வேண்டா. பெரும்பாலான பொறிகளில் ‘நாசில் செக்’ என்ற ஒரு சோதனை உண்டு. அதை அழுத்தினால், சாதாரணத் தாளிலேயே நான்கு நிறங்களிலும் மெல்லிய கோடுகளை வரைந்து காட்டும். எங்கே கோடு அறுபட்டிருக்கிறதோ, அங்கே துளை அடைபட்டிருக்கிறது. என் பொறியில் சயான் நிறத்தில் ஐந்தாறு இடங்கள் அறுபட்டிருந்தன. நிறம் கெட்டதன் காரணமும் அதிலேயே பாதி விளங்கிவிட்டது. சயான் குறைந்தால் படம் சிவக்கும். மெஜந்தா குறைந்தால் பச்சை ஏறும். மஞ்சள் குறைந்தால் நீலம் பாரிக்கும். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பல நாள் பயன்படும்.

துளைகளைத் தூய்மை செய்யும் கட்டளையும் பொறியிலேயே உண்டு. ஒரு முறை கொடுத்து மீண்டும் சோதியுங்கள். இரண்டு மூன்று முறைக்குள் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஓர் இரவு சும்மா விட்டு, மறுநாள் காலையில் சோதித்தால், உலர்ந்த மை ஊறி இளகிப் பல நேரங்களில் அடைப்பு நீங்கியிருக்கும். அவசரப்பட்டு இருபது முறை தூய்மை செய்தால், மை வீணாவது மட்டுமன்று. அந்த மையெல்லாம் பொறிக்குள் இருக்கும் பஞ்சு போன்ற பட்டையில் தேங்கும். அது நிரம்பிவிட்டால் பொறி வேலை செய்ய மறுத்துவிடும்.

அடைப்பு ஏன் வந்தது என்று ஆராய்ந்தேன். குற்றவாளி நானே. நான் சிக்கனக்காரன், மின்விளக்கு, விசிறி எதுவாயினும் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால்தான் எனக்கு உறக்கம் வரும். அச்சுப்பொறியையும் அவ்வாறே சுவரில் அணைத்து வந்தேன். அப்படிச் செய்யலாகாது. பொறியின் மேலுள்ள பொத்தானை அழுத்தினால், அது தன் தலையை ஓர் ஓரத்துக்குக் கொண்டு சென்று, மூடியின் மேல் அமர்த்தி, துளைகளைக் காற்றுப் படாமல் மூடிக்கொள்ளும், பிறகே உறங்கும். சுவரில் அணைத்தால், தலை நடுவழியில் திறந்தபடி நின்றுவிடலாம். மூடி போடாத பேனாவின் முள் காய்வது போல் அதுவும் காயும். முதலில் பொத்தான், விளக்கு அணைந்த பிறகு சுவர் சுவிட்ச். வாரத்துக்கு ஒரு முறை ஏதேனும் ஒரு வண்ணப் பக்கத்தை அச்சிட்டால், மை ஓட்டம் நிற்காமலும் இருக்கும்.

இரண்டாவது அறை, தாள். பாடத்தாள் அச்சிடும் சாதாரணக் காகிதத்தில் மைத்துளி விழுந்தால், நார் வழியே அது பரவும். மட்டமான நோட்டுப் புத்தகத்தில் பேனா மை ஊறிப் படர்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். புகைப்படத் தாளின் மேலோ ஒரு பூச்சு இருக்கிறது. துளியை விழுந்த இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வது அந்தப் பூச்சின் வேலை. பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கந்தான். எந்தப் பக்கம் என்று ஐயம் வந்தால், சற்றே ஈரமான விரலால் ஒரு மூலையைத் தொடுங்கள். ஒட்டும் பக்கமே அச்சுக்குரிய பக்கம். புறமுதுகில் அச்சிட்டால் மை நிற்க இடமின்றிக் குளமாகத் தேங்கும்.

கடைக்கு, சொல்லப்போனால் ரிச்சி தெருவுக்கு, தாள் வாங்கப் போகும்போது, உங்கள் பொறி மை தெளிப்பதா, லேசர் வகையா என்பதைச் சொல்லி வாங்குங்கள். மை தெளிக்கும் பொறிக்கான பளபளப்புத் தாளை லேசர் பொறியில் ஒருநாளும் செலுத்தலாகாது. லேசர் பொறி தூளை உருக்கித் தாளில் பதிப்பதற்காக ஏறத்தாழ 200 டிகிரி வரை சூடேறும் உருளைகளைக் கொண்டது. அந்தச் சூட்டில் தாளின் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தாளை மிச்சப்படுத்தப் போய்ப் பொறியையே இழக்க நேரும்.

நம் ஊருக்கே உரிய துன்பம் ஒன்றும் உண்டு. இந்த வானொலி நிலையத்துக்கு மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியே நடந்து வந்தேன். வந்து சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. நமக்கு வியர்ப்பதை நாம் உணர்கிறோம். பிரித்த உறைக்குள் இருக்கும் தாள், காற்றின் ஈரத்தை வாய் திறவாமல் குடிக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் அலமாரியின் மேல் திறந்து கிடந்த தாள் கட்டுதான் என்னுடையது. ஈரம் குடித்த பூச்சு மையை ஏற்காது. அதனால்தான் மை விரலில் ஒட்டிற்று. தாளும் வளைந்திருந்தது. வளைந்த தாளின் ஓரம் ஓடும் தலையில் உரசிக் கறை படும். மருந்து எளியது. எடுத்த தாள் போக எஞ்சியதை அப்போதே காற்றுப் புகாத பையில் இட்டு, மட்டமாகக் கிடத்தி வையுங்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். அச்சான படத்தை ஒரு நாள் முழுவதும் உலரவிட்ட பிறகே கண்ணாடிச் சட்டத்துக்குள் அடையுங்கள். இல்லையேல் கண்ணாடியின் உட்புறம் பனி படரும், அல்லது படம் கண்ணாடியோடு ஒட்டும்.

வெப்பத்தோடும் ஈரத்தோடும் படக்கலைஞர் போராடுவது நம் நாட்டில் புதிதன்று. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் 1856இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். அவர் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாகப் படம் பிடித்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஓர் அச்சு கறுத்து அடுத்தது வெளுத்திருந்தால், கல்வெட்டு வரி துண்டு துண்டாகத் தோன்றியிருக்கும். ஒரே தாள், ஒரே முறை, ஒரே கவனம் என்று நின்றால்தான் அப்படி அமையும். மின்சாரமில்லாத காலத்தில் அவர் செய்ததை நினைத்தால், நம் பொறியை நாம் திட்டுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது அறை, நாம் இடும் கட்டளை. பளபளப்புத் தாளை உள்ளே வைத்துவிட்டு, கணினித் திரையில் தாளின் வகையைச் சாதாரணத் தாள் என்றே விட்டுவிடுவது நாம் எல்லாரும் செய்யும் பிழை. பொறிக்குக் கண் இல்லை. நாம் சொன்னதை நம்புகிறது. தாளின் வகைக்கு ஏற்ப எவ்வளவு மை, எந்தக் கறுப்பு என்பதை அது முடிவு செய்கிறது. பல வீட்டுப் பொறிகளில் கறுப்பு மை மட்டும் நிறத்துகள் மிதக்கும் வகை. மற்ற மூன்றும் கரைந்த சாய வகை. துகள் மை சாதாரணக் காகிதத்தில் நன்கு நிற்கும். பளபளப்புத் தாளில் மேலேயே கிடந்து அழியும். தாள் பளபளப்பானது என்று சொன்னால், அத்தகைய பொறி கறுப்பை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்று நிறங்களையும் கலந்தே கருமையை உண்டாக்கும். ஒரு சொல்லை மாற்றினேன். தாளை அழுக்காக்கிய மை நின்றுவிட்டது.

கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடுவது வண்ணப்படத்தைவிடக் கடினம் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. மூன்று நிறங்களும் சரிநிகராக நின்றால்தான் சாம்பல் நிறம் பிறக்கும். ஒன்று இம்மி குறைந்தாலும் படம் முழுவதும் சாயம் ஏறும். வண்ணப்படத்தில் மறைந்துவிடும் பிழை, கறுப்பு வெள்ளையில் மறையாது. துளைகளைத் தூய்மை செய்த பின்னும் எஞ்சியிருந்த சிறு செம்மையை, நிறங்களைக் கூட்டிக் குறைக்கும் அளவுகோலில் மெஜந்தாவைச் சிறிது குறைத்துப் போக்கினேன்.

திரையில் பளிச்சென்று தெரியும் படம், தாளில் இருண்டு வருகிறதே என்று பலர் கேட்பதுண்டு. திரை விளக்கைப் போல் தானே ஒளிர்வது. தாள் நிலவைப் போல் பிறர் ஒளியை வாங்கித் தருவது. இரண்டும் ஒன்றாகத் தோன்ற எதிர்பார்ப்பது பிழை. திரையின் அருகே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, இரண்டின் வெண்மையும் ஏறக்குறைய ஒத்துப் போகும் வரை திரையின் ஒளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தைத் திருத்துங்கள். அச்சான படத்தைக் குழல் விளக்கில் அன்றி, பகலில் சன்னலோரத்தில் வைத்துத் தீர்ப்புக் கூறுங்கள்.

நான்காவது அறை, மூலப்படம். முகம் மங்கியதற்குக் காரணம் பொறியன்று. செய்தி அனுப்பும் செயலி வழியே வந்தபோது படம் சுருக்கப்பட்டிருந்தது. என் கைக்கு வந்தது அகலத்தில் 720, உயரத்தில் 960 புள்ளிகள். ஓரங்களை வெட்டியபின் எஞ்சியது ஏறத்தாழ 590க்கு 735. இதை 8க்கு 10 அங்குலமாக அச்சிட்டால் அங்குலத்துக்கு 74 புள்ளிகளே கிடைக்கும். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 என்பது நல்ல அளவு. 200க்கு மேல் இருந்தாலும் குறை சொல்ல முடியாது. அக்காள் மகனின் பழைய நினைவட்டையைத் தேடி எடுக்கச் சொன்னேன். அதில் 2448க்கு 3264 புள்ளிகள் கொண்ட முழுப்படம் இருந்தது. வெட்டியபின் 2000க்கு 2500. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அங்குலத்துக்கு 250. அன்னையாரின் சேலைக் கரையின் கட்டங்கள்கூடத் தெளிந்து வந்தன. ஆகவே, அச்சிடுவதற்காகப் படம் அனுப்பும்போது அதைச் சுருங்கிய படமாக அனுப்பாமல், முழுக் கோப்பாக, அதாவது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

கோடு போயிற்று, சாயம் போயிற்று, மங்கல் போயிற்று. படம் கண்ணாடி போல் வந்துவிட்டது. பெருமையோடு அக்காளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனால் அம்மா எங்கே?”

எனக்குத் திடுக்கிட்டது. உற்றுப் பார்த்தேன். எங்கள் அன்னையார் கறுப்பு. படத்திலிருந்தவர் சிவந்த மேனியர். முகத்தின் நிழல்கள் மறைந்து, கண்ணின் கீழ் இருந்த கோடுகள் அழிந்து, பூசி மெழுகியது போல் இருந்தது. நான் அதைச் செய்யவில்லை. அக்காளின் பேத்தி, கல்லூரி மாணவி, அருகில் வந்து பார்த்துவிட்டு, “சின்னத் தாத்தா, படத்தைத் தானே அழகுபடுத்தும் கட்டளை அணைக்கப்படாமல் இருக்கிறது” என்றாள். பொறியோடு வந்த மென்பொருளில், கேளாமலே இயங்கும்படி அந்தக் கட்டளை அமைந்திருந்தது. இருண்ட முகத்தைக் கண்டால் அதைக் குறை என்று கொண்டு, வெளுக்கச் செய்வது அதன் இயல்பு.

அக்காள் பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னார். 1974இல் அந்தப் படம் எடுத்த அன்று, படநிலையத்தில் அன்னையாருக்குப் பவுடர் கொடுத்தார்களாம். அவர் வாங்கிக்கொள்ளவில்லையாம். “என் முகந்தானே வேண்டும்?” என்றாராம். அன்று மனிதரிடம் மறுக்க முடிந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, ஒரு பொறி அவருக்குப் பவுடர் பூசிவிட்டது. மறுக்க அவர் இல்லை.

மாணவ நண்பர்களே, இது என் வீட்டுப் பொறி ஒன்றின் கதை மட்டும் அன்று. வண்ணப்படங்கள் பரவிய காலத்தில், கோடாக் நிறுவனம் நிறங்களைச் சரிபார்ப்பதற்கென்று அச்சுக்கூடங்களுக்கு ஓர் அளவுப் படம் அனுப்பி வந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அதில் இருந்தவர் வெள்ளை நிறப் பெண்மணி. அவருடைய மேனி சரியாக வந்தால் நிறம் சரி என்பது வழக்கு. அதே அளவில் கறுத்த மேனியரின் முகங்கள் விவரம் இழந்து இருண்டன. மரச்சாமான் செய்வோரும் சாக்லேட் செய்வோரும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே, அந்தக் குறையில் கவனம் சென்றது என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்களே பின்னாளில் கூறியிருக்கிறார்கள். பல நிற மக்கள் சேர்ந்து நிற்கும் அளவுப் படங்கள் 1990களில்தான் பரவின. அளவுகோலே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அளந்தவை எல்லாம் சாயும்.

ஆகவே பிழை திருத்தம் வேறு; படத்தை மாற்றுதல் வேறு. மூலத்தில் இருப்பதைக் குறைவின்றித் தாளுக்குக் கொண்டு சேர்ப்பது பிழை திருத்தம். மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதும், இருப்பதை நாணி மறைப்பதும் பிழை திருத்தம் ஆகா. மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் புதிய மென்பொருள்கள் இன்று வந்திருக்கின்றன. அவை இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகின்றன. ஊகம் அழகாக இருக்கலாம். ஆனால் அந்தக் கண்ணும் அந்த மூக்கும் யாருடையவை? கையில் நல்ல மூலம் இல்லையென்றால், படத்தைச் சிறிய அளவில் அச்சிடுங்கள். சிறிய உண்மை, பெரிய பொய்யைவிட நன்று.

அன்று மாலை அந்தத் தானியங்கும் கட்டளையை அணைத்தேன். பழைய இருட்டறை நினைவு வந்தது. முகத்தின் பகுதியை மட்டும் சிறு நறுக்குகளாக ஐந்து முறை அச்சிட்டேன். வேறு எதையும் மாற்றாமல், ஒளியின் அளவை மட்டும் ஒவ்வொரு படியாக மாற்றினேன். ஒவ்வொன்றின் பின்னும் அதன் அளவைப் பென்சிலால் குறித்தேன். காலையில் சன்னலோரத்தில் ஐந்தையும் வரிசையாகப் பரப்பி, அக்காளை அழைத்தேன். முதலிரண்டையும் அவர் விலக்கினார். ஐந்தாவது மிக இருண்டது. நான்காவதில் சற்றே நின்றார். மூன்றாவதைக் கையில் எடுத்தார், வைக்கவில்லை. நானும் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த அளவிலேயே முழுப்படத்தை அச்சிட்டேன்.

மயிலைக் குளத்தருகே, சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் அதற்குச் சட்டம் போட்டோம். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே சிறு இடைவெளி விடச் சொன்னேன். சாய மை வெயிலுக்கும் காற்றுக்கும் வெளிறும். எனவே வெயில் விழாத சுவரில் மாட்டினோம். மூலக் கோப்பை மூன்று இடங்களில், மூன்று வீடுகளில் சேமித்து வைத்தோம். ஆறு ஒரு வீட்டுக்குள் வரலாம். மூன்று வீட்டுக்குள்ளும் ஒரே நாளில் வருவது அரிது.

நீங்களும் உங்கள் வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றை இந்த விடுமுறையில் எடுத்து அச்சிட்டுப் பாருங்கள். குறை வந்தால் கலங்காதீர்கள். துளை, தாள், கட்டளை, மூலம் என்று நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். முடிவில், அந்தப் படத்தில் இருப்பவரை நன்கு அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டி, இவர் அவர்தாமா என்று கேளுங்கள். எந்தப் பொறியும் சொல்ல முடியாத தீர்ப்பை அவர் சொல்வார்.